சுடலைமுத்துவுக்குச் சொல்லாத பாடம்

“என்னை மட்டும் ஏன் சாமி வெளியே அனுப்பிச்சீங்க?”

சுடலைமுத்து இப்படிக் கேட்டபோது தார்சியுஸ் சாமியார் பூசை உடுப்பை மடித்துக்கொண்டிருந்தார். சாமியாருக்கு முப்பதுகூட ஆகவில்லை. சுடலைமுத்துவோ தலை நரைத்தவர். வருகிற ஈஸ்டருக்கு ஞானஸ்நானம் வாங்க வேண்டும் என்று ஞாயிறுதோறும் மற்ற சிலரோடு வந்து வேதம் படித்துவந்தார்.

“மெழுகுவத்தி வாங்கத்தானே அனுப்பிச்சேன், அண்ணாச்சி.”

“பீரோ நெறைய மெழுகுவத்தி கெடக்கு. நான் போன பொறவு மத்தவங்களுக்கு ஒரு பாடம் நடந்திருக்கு. என்ன பாடம் அது?”

சாமியார் மடித்த உடுப்பைப் பிரித்து மறுபடியும் மடித்தார்.

“எனக்கு ஞானஸ்நானம் கெடையாதா?”

“ஐயோ, அப்படி இல்ல.” உடுப்பைக் கீழே வைத்தார். “மன்னிக்கிறதைப் பத்தின பாடம்.”

சுடலைமுத்துவுக்குப் புரிந்துவிட்டது.

சில வருஷங்களுக்கு முன்னால் அவருடைய தம்பி இசக்கி குடித்துவிட்டு லோடு ஆட்டோ ஓட்டினான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் சுடலைமுத்துவின் ஒரே மகன். வண்டி கவிழ்ந்தது. பையன் பிழைக்கவில்லை.

இசக்கி ஜெயிலுக்குப் போய்விட்டுத் திரும்பி, அடுத்த தெருவில்தான் இருக்கிறான். ஆனால் சுடலைமுத்துவின் முன்னால் யாரும் அவன் பேரை எடுப்பதில்லை. அவர் நுழைந்தால் டீக்கடையில் பேச்சு நின்றுபோகும். வீட்டில் மனைவிகூட வார்த்தையை அளந்துதான் பேசுவாள்.

“கடவுளும் ஊரு மாதிரி என்கிட்ட பேசப் பயப்படுதாரா, சாமி?”

“கடவுள் இல்ல. நான்தான் பயந்துட்டேன். சொன்னா எந்திரிச்சிப் போயிருவீங்கன்னு.”

“இப்பம் சொல்லுங்க.”

சாமியார் நாற்காலியை விட்டுவிட்டு, பெஞ்சில் இருந்த அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

“இசக்கியை நீங்க மன்னிக்கணும்.”

அந்தப் பேரை முகத்துக்கு நேரே கேட்டு எத்தனை காலம்! சுடலைமுத்துவின் கைவிரல்கள் இறுகின.

“அவன் வந்து கால்ல விழுந்தாலா?”

“விழாட்டாலும்.”

“புள்ளையைப் பறிகுடுத்தவனுக்கும் இதே சட்டம்தானா?”

“பறிகுடுத்தவங்களுக்கும்தான்.”

“கொஞ்சம் கொறைச்சிக்கிட முடியாதா, சாமி?”

“கொறைக்க எனக்கு உரிமை இல்ல, அண்ணாச்சி.”

“என்னால ஆகலன்னா?”

“ஆகலன்னு வந்து சொல்லுங்க. மறுபடியும் வாங்க. நான் கூட இருக்கேன். ஆனா இனிமே உங்ககிட்ட மறைக்க மாட்டேன்.”

சாமியார் தலையைக் குனிந்துகொண்டார். எந்த நேரமும் செருப்புச் சத்தம் வாசலை நோக்கிப் போகும் என்று காத்திருந்தார்.

சத்தம் வரவில்லை.

நிமிர்ந்து பார்த்தார். சுடலைமுத்துவின் தாடி நனைந்திருந்தது. விரல்கள் விரிந்து மடியில் கிடந்தன. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, அவசரமில்லாமல் விட்டார்.

“அண்ணாச்சி?”

“செத்தவன்கிட்டதான் சாமி யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. ஊரு என்னையும் அப்படித்தான் வச்சிருந்துச்சு.” அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நீங்க கேட்டுட்டீங்க. மேல சொல்லுங்க.”