கக்கம் வரை வந்த மாற்றம்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் வம்பு வரக்கூடிய ஒரு நாட்டில், மகிழவேந்தன் என்னும் இளைஞன் அரியணை ஏறினான். அந்நாட்டு ராஜவீதியில் எளியோர் செருப்பணிந்து நடக்கலாகாது. புதிய மன்னன் முதல் நாளே முரசறைவித்தான்: "இன்றுமுதல் அனைவரும் செருப்பணியலாம்!"

ஆனால் மற்றொரு வழக்கத்தை அவன் மறந்துவிட்டான். செருப்பணிந்த அமைச்சர் எவரேனும் எதிர்ப்பட்டால், குடிமக்கள் தம் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டும். அமைச்சர்கள் பதினொருவரும் அன்றுமுதல் அவை கூடும் நேரம் தவிர, காலையிலிருந்து மாலைவரை வீதியிலேயே உலாவத் தொடங்கினர்.

ஒரு மாதம் கழிந்தது. "நாட்டில் மாற்றம் வந்துவிட்டதா?" என்று மன்னன் அவையில் வினவினான்.

"வந்துவிட்டது, பிரபு! செருப்பில்லாத குடிமகனே இன்று இல்லை" என்றார் தலைமை அமைச்சர் அனந்தகீர்த்தி.

அவை விகடனான பெருஞ்சாத்தனுக்கு, மோர்க்காரி செவ்வந்தி அன்று காலை காட்டிய கொப்புளம் நினைவுக்கு வந்தது. "செருப்பு வாங்கி ஒரு மாசம் ஆச்சு சாமி. தேஞ்சது என் காலுதான். செருப்பு புதுசாவே இருக்கு" என்றிருந்தாள் அவள்.

"வந்திருக்கிறது மன்னா, கக்கம் வரை" என்றான் பெருஞ்சாத்தன்.

மன்னனின் முகம் சிவந்தது. அனந்தகீர்த்தி அத்தருணத்தை நழுவவிடவில்லை. "அப்படியாயின் அதைக் காலுக்கு இறக்கிக் காட்டட்டும்! நாளை உச்சிவேளையில் எங்கள் எதிரே ஒருவராவது செருப்போடு நடக்கவேண்டும். அதுவரை விகடன் குடிமக்கள் எவரிடமும் பேசலாகாது. தவறினால் நாடு கடத்துங்கள்!"

மன்னன் இசைந்தான்.

மறுநாள் அமைச்சர்கள் வழக்கம்போல் செருப்புகளை வாயிலில் விட்டுவிட்டு அவைக்குள் சென்றனர். பெருஞ்சாத்தன் அனந்தகீர்த்தியின் பல்லக்கிலே பட்டு விரித்து, இருபத்திரண்டு செருப்புகளையும் அமர்த்தி, குடைபிடித்து, மேளதாளத்துடன் நகர்வலம் அனுப்பிவைத்தான்.

உச்சிவேளையில் வெளியே வந்த அமைச்சர்கள் கொதிக்கும் வீதியில் தவளைகளைப் போலத் தத்தினர். எதிரே மோர்ப்பானையுடன் செவ்வந்தி வந்தாள். செருப்பைக் கழற்றக் குனிந்தவள், அவர்களுடைய கால்களைப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, சரக் சரக்கென்று நடந்தாள்.

"ஏ பெண்ணே, கழற்று செருப்பை!" என்று அனந்தகீர்த்தி ஒற்றைக்காலில் நின்று அலறினார்.

"எதுக்குங்க? செருப்புப் போட்ட அமைச்சருக்குத்தானே கழட்டணும்? உங்க கால்ல ஒண்ணையும் காணோமே! ரொம்பச் சுடுதுன்னா சொல்லுங்க, கொஞ்சம் மோர் ஊத்துறேன்."

அவளுக்குப் பின்னால் வந்தோரும் கக்கத்திலிருந்த செருப்புகளை ஒவ்வொன்றாகக் கீழே போட்டுக் கால் நுழைத்தனர்.

"திருட்டு, பிரபு!" என்று அமைச்சர்கள் மேல்மாடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மன்னனை நோக்கிக் கூவினர்.

மன்னன் அருகில் நின்ற பெருஞ்சாத்தன் கைகூப்பினான். "இல்லை மன்னா. இந்நாட்டில் வணக்கம் பெறுவது செருப்புதான் என்று அறிந்தேன். ஆதலால் வணக்கத்துக்கு உரியவற்றைப் பல்லக்கில் ஏற்றினேன், மற்றவர்களை நடக்கவிட்டேன்."

மன்னன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவனுக்கு அணிவித்து, "வேறென்ன வேண்டும், கேள்" என்றான்.

"அந்த ஊர்வலம் ஓராண்டு நாள்தோறும் நடக்கட்டும், மன்னா."

சிரிப்பு அடங்கிய மன்னன் சற்றே யோசித்தான். பின்பு தன் செருப்பையும் கழற்றிப் பல்லக்குக்கு அனுப்பினான்.

மறுநாள் முதல் எந்த அமைச்சரும் வீதியில் உலாவவில்லை. செவ்வந்தியின் செருப்பு தேயத் தொடங்கியது.