ஏழிலேயே நின்ற முள்

எந்திரங்களுக்கு வாயும் மனிதர்களுக்குக் காதும் இருந்து, இரண்டும் ஒருநாளும் சந்தித்துக்கொள்ளாமலே வாழ்ந்த காலத்தில், ஒரு ஊரில் ஒரு பால் பவுடர் ஆலை இருந்தது.

ஆலையின் பின்பக்கம், காலிச் சாக்குகள் அடுக்கியிருந்த அறையை ஒழித்துப் பயிற்சி அறை ஆக்கியிருந்தார்கள். புதிதாக வரும் டெக்னீசியன்களுக்கு அழுத்தம், வெப்பம், தொட்டியின் மட்டம், குழாயின் ஓட்டம் இவற்றையெல்லாம் எப்படி அளப்பது என்று அங்கேதான் சொல்லிக்கொடுப்பார்கள். அந்த அறையின் நடுமேசையில் கொலுவீற்றிருந்தவர் ஏழுமுள்ளார்.

ஏழுமுள்ளார் ஒரு பிரஷர் கேஜ், அழுத்தத்தை அளந்து காட்டும் கருவி. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பித்தளை முகம். பூஜ்ஜியத்திலிருந்து பதினாறு வரை எண்கள். ஒரு கறுப்பு முள். கண்ணாடியின் ஓரத்தில் பிறை போல ஒரு விரிசல். பல வருசத்துக்கு முன்னால் யாரோ கை தவறிக் கீழே போட்டபோது வந்தது. அன்றைக்குத் துள்ளிய முள் ஏழில் போய் மாட்டிக்கொண்டது. அதன் பிறகு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கீழே விழுந்த கதையை அவர் யாரிடமும் சொல்வதில்லை. "அன்னைக்குத்தான் எனக்குத் தெளிவு பொறந்துச்சு" என்பார்.

அவருக்குப் பக்கத்தில் ஒரு கைப்பம்ப். குத்திக் குத்தி எண்ணெயை அழுத்தி கேஜுக்கு அழுத்தம் கொடுப்பது அதன் வேலை.

"ஏனுங்க பெரியவரே, மூணு குத்துக் குத்தினாலும் ஏழு, முப்பது குத்துக் குத்தினாலும் ஏழு. அப்பறம் நான் எதுக்கு மூச்சு வாங்கோணும்?" என்று கைப்பம்ப் ஒருநாள் கேட்டது.

"குத்தறது உன்ற வேலை. நிக்கறது என்ற வேலை."

"கழட்டி மேசை மேல போட்டாலும் ஏழுன்னே கெடக்கறீங்களே?"

"அடுத்தவன் அழுத்தினா ஏறி, விட்டா இறங்கறதுக்கு நான் என்ன தராசுத் தட்டா? நமக்குன்னு ஒரு நிலை வேணுமப்பா."

"அப்படிச் சொல்லுங்க!" என்றது மேசை இழுப்பறைக்குள்ளிருந்து ஒரு குரல். அது விடைத்தாள், திருத்தும்போது ஒத்துப் பார்க்கும் சரியான விடைகளின் தாள். லேமினேட் செய்து, வழவழவென்று, இழுப்பறையிலேயே பிறந்து இழுப்பறையிலேயே வளர்ந்தது. முதல் கேள்வி: கேஜ் காட்டும் அழுத்தம் எவ்வளவு? விடை: ஏழு. "நான் இந்த கேஜை ஒரு தடவைகூடப் பாத்ததில்லை. ஆனா என்னமா ஒத்துப்போறோம் பாரு!" என்று அது பூரித்துக்கொண்டது.

பயிற்சியாளர் திருமூர்த்தி நல்ல மனிதர்தான். குரல் கணீரென்று இருக்கும். பாடத்தாளைக் கையில் எடுத்து முதல் வரியை ராகத்தோடு வாசிப்பார்: "எந்தக் கருவியையும் மாட்டும் முன், சும்மா இருக்கும்போது அது பூஜ்ஜியம் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும்." வாசித்து முடித்ததும் பாடத்தாளை மேசையில் வைப்பார். காற்றில் பறந்துவிடாமல் இருக்க, அதன் மேல் ஏழுமுள்ளாரைத் தூக்கி வைப்பார். எதிலும் மாட்டாத ஏழுமுள்ளார் அந்த வரியின் மேலேயே உட்கார்ந்து ஏழு காட்டிக்கொண்டிருப்பார்.

அந்த வருசம் பதினைந்து பேர் வந்தார்கள். கைப்பம்ப் குத்தியது. "எவ்வளவு?" என்றார் திருமூர்த்தி.

"ஏழு சார்!" என்றன பதினான்கு குரல்கள்.

பதினைந்தாவது ஆள் மைனாவதி. நெசவுக்காரர் வீட்டுப் பெண். தேறினால் டெக்னீசியன் வேலை, நீலச் சட்டை. தேறாவிட்டால் பாய்லருக்கு விறகு தள்ளும் வேலை. அவள் நீலச் சட்டைக்குத் தையல்காரரிடம் அளவுகூடக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

"ஏனுங்க சார், சும்மா மேசை மேல கெடக்கறப்பவே இது ஏழு காட்டுதுங்களே?"

திருமூர்த்தி சிரித்தார். "அம்மிணி, அது ரொம்ப வருசமா இங்க இருக்குது. நீ வந்து மூணு நாளாச்சு."

மற்றவர்கள் சிரித்தார்கள். நாச்சிமுத்து என்கிறவன் கொஞ்சம் கூடுதலாகச் சிரித்தான். ஏழுமுள்ளாரும் கண்ணாடிக்குள் சிரித்துக்கொண்டார்.

பரீட்சையில் பதினான்கு பேர் 'ஏழு' என்று எழுதினார்கள். மைனாவதி, 'இந்த கேஜ் கெட்டுவிட்டது. இதில் அளவு சொல்ல முடியாது' என்று எழுதினாள். சிவப்புப் பேனா அவள் தாளில் ஒரு கோடு இழுத்தது; முதல் கேள்வியில் தவறினால் தேற முடியாது. மறுநாள் நாச்சிமுத்து நீலச் சட்டையோடு பாய்லர் முன்னால் நின்றான். மைனாவதி அதே பாய்லருக்கு விறகு தள்ளினாள்.

"பாத்தியா? பதினாலு பேரைக் கரை சேத்திருக்கேன்" என்றார் ஏழுமுள்ளார்.

"ஒரு ஆளைத் தள்ளிவிட்டீங்களே" என்றது கைப்பம்ப்.

"என்னை நம்பாத ஆளுக்கு எங்க போனாலும் அதே கதிதான்."

இதெல்லாம் இப்படி இருக்க, பாய்லர் வீட்டில் வேறொரு தலைவலி. அங்கே இருந்த கேஜுக்கு நடுங்கி என்று பட்டப்பெயர். பாய்லருக்குள் நீராவி ஏறினால் ஏறுவாள், இறங்கினால் இறங்குவாள். ஒரு மணிக்கு ஆறே முக்கால், அடுத்த மணிக்கு ஏழே கால். மேனேஜர் சம்பந்தத்துக்கு அவளைக் கண்டாலே ஆகாது. "ஏன் கூடுது? ஏன் குறையுது? தலைமை ஆபீஸ்ல கேட்டா நான் என்னத்தச் சொல்றது?" என்று புலம்புவார்.

ஒருநாள் அவர் பயிற்சி அறைக்கு வந்தார். ஏழுமுள்ளாரைப் பார்த்தார். கைப்பம்ப்பைத் தானே குத்திப் பார்த்தார். ஏழு. வேகமாகக் குத்தினார். ஏழு.

"அடடா! பாய்லருக்கு வேண்டிய அழுத்தமும் ஏழுதானே? இத்தனை நிதானமான ஆளை இங்க வெச்சுட்டு, அந்த நடுங்கியக் கட்டிட்டு அழறமே!"

அன்றைக்கே மாற்றினார்கள். நடுங்கியைச் சாக்கில் சுற்றிப் பயிற்சி அறை ஜன்னல் திட்டில் போட்டார்கள். ஏழுமுள்ளாரைத் துடைத்து, சந்தனம் வைத்து, பாய்லரின் நெற்றியில் மாட்டினார்கள்.

பாய்லரக்கா பெருத்த வயிறுக்காரி. "வாங்க" என்றாள். "எனக்கு இப்ப அஞ்சுதான் இருக்குது, பசிக்குது, கொஞ்சம் விறகு போடச் சொல்லுங்க."

"உனக்கு ஏழு" என்றார் ஏழுமுள்ளார்.

"என்ற வயிறு எனக்குத் தெரியாதுங்களா?"

"அளக்கறது நீயா, நானா?"

நாச்சிமுத்துவுக்கு வாழ்வு வந்துவிட்டது. காலையில் வந்ததும் சாயங்காலம் வரைக்கும் ஏழு, ஏழு, ஏழு என்று பதிவேட்டில் எழுதி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனான். அதை வைத்துப் போட்ட வரைபடம், ரூல்தடி வைத்துக் கோடு இழுத்ததுபோல் வந்தது. மேனேஜர் அதைச் சட்டம் போட்டு மாட்டினார்.

ஒரு வாரம் கழித்து, பாய்லரின் உச்சியில் இருந்த சேஃப்டி வால்வு திடீரென்று திறந்துகொண்டு ஆவியைக் கக்கியது. எட்டைத் தாண்டினால் திறக்க வேண்டும் என்பதுதான் அதற்குப் போட்ட உத்தரவு. நாச்சிமுத்து ஓடிவந்து ஏழுமுள்ளாரைப் பார்த்தான்.

"ஏழுலயே திறக்குது பாரு! வால்வு கெட்டுப்போச்சு" என்று ஏணி வைத்து ஏறி, அதன் திருகாணியை மூன்று சுற்று இறுக்கினான்.

"அட பாவி, எட்டு தாண்டிருச்சுடா!" என்று வால்வு கத்தியது. "ஏனுங்க பெரியவரே, நீங்களாவது சொல்லுங்க!"

ஏழுமுள்ளார் முகத்தைத் திருப்பவில்லை. திருப்பவும் முடியாது. "சத்தம் போடறவங்க பேச்சை யாரும் பதிவேட்டுல எழுதறதில்லை" என்றார்.

வால்வின் வாய் அதோடு அடைத்தது.

பிறகு ஒரு நண்பகல். பவுடர் பிரிவில் ஒரு பெல்ட் அறுந்தது. நீராவிக் குழாயை அடைத்துவிட்டார்கள். வெளியே போக வழியில்லாமல் ஆவி பாய்லருக்குள்ளேயே திரண்டது. தீ மட்டும் எரிந்துகொண்டிருந்தது. நாச்சிமுத்து ஏழுமுள்ளாரைப் பார்த்துவிட்டு, சோற்றுப் போசியைத் திறந்து உட்கார்ந்தான்.

"ஐயோ, வயிறு உப்புதுங்க" என்றாள் பாய்லரக்கா. "ஒம்பதாச்சு."

"ஏழு" என்றார் ஏழுமுள்ளார், பழக்கத்தில்.

"பத்துங்க! என்ற தையலெல்லாம் பிரியுது!"

அப்போதுதான் ஏழுமுள்ளாருக்கும் அது உறைத்தது. அவருக்குள்ளே வளைந்து கிடந்த, அழுத்தம் ஏறினால் நிமிர்ந்து முள்ளைத் தள்ள வேண்டிய செப்புக்குழாய் இத்தனை வருசத்தில் இல்லாத வேகத்தோடு நிமிரத் துடித்தது. பத்து. பத்தரை. சத்தியமாக, அந்தக் கணம் அவர் உண்மையைச் சொல்லத்தான் நினைத்தார். முக்கினார், முனகினார். முள் ஏழிலேயே நின்றது. அவரை இவ்வளவு காலம் பெரிய மனிதராக வைத்திருந்த அதே முள்.

கீழே நாச்சிமுத்து தயிர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டே அண்ணாந்து பார்த்து, நிம்மதியாகத் தலையாட்டினான். 'என்னை நம்பாதே' என்று ஏழுமுள்ளார் வாழ்க்கையில் முதல் தடவையாக வேண்டிக்கொண்டார். 'யாராவது ஒரு ஆள். ஒரே ஒரு ஆள் என்னை நம்பாம இருந்தாப் போதும்.'

விறகுக் கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு வந்த மைனாவதி நின்றாள். தரை அதிர்ந்தது. குழாய் மூட்டுகளில் ஆவி சீறியது. அவள் நிமிர்ந்து கேஜைப் பார்த்தாள். ஏழு. கண்ணாடி ஓரத்தில் பிறை விரிசல்.

"அட கெரகமே, நீயா?"

கட்டையைக் கீழே போட்டாள். தீக்குக் காற்றடிக்கும் விசிறியை நிறுத்தினாள். ஆவியை வெளியே விடும் குழாயின் சக்கரத்தைப் பிடித்துத் திருகினாள்.

"ஏய், ஏய்! என்ன பண்றே? ஏழுதானே காட்டுது!" என்று நாச்சிமுத்து எச்சில் கையோடு ஓடிவந்தான்.

"அது உங்க வீட்டுச் சுவத்துல மாட்டினாலும் ஏழுதான் காட்டும்! தீயை வெளிய இழுங்க, சீக்கிரம்!"

ஆவி கூரையைப் பிய்த்துக்கொண்டு போவதுபோல் அலறியது. அந்த அலறலைக் கேட்ட பிறகுதான் நாச்சிமுத்துவின் முகம் வெளிறியது. கம்பியை எடுத்து எரியும் கட்டைகளை இழுத்துப் போட்டான். கால் மணி நேரம் ஆலை முழுக்க வெள்ளைப் புகையாக இருந்தது. பிறகு சத்தம் மெல்லத் தேய்ந்து நின்றது. பாய்லரக்கா, பிரசவம் முடிந்தவள்போல், ஒரு நீண்ட மூச்சு விட்டாள்.

கூட்டம் கூடியது. மேனேஜர் சம்பந்தம் கர்ச்சீப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். தீ அணைந்து, ஆவி தீர்ந்து, பாய்லர் வெறும் பானையாக நின்றது. அவர் முதலில் அண்ணாந்து கேஜைப் பார்த்தார்.

"ஏழு இருக்குதே! எல்லாம் சரியாத்தானே இருக்குது? எதுக்கு நிறுத்துனீங்க? யாரு நிறுத்தச் சொன்னது?"

நாச்சிமுத்து தரையைப் பார்த்தான்.

மைனாவதி ஸ்பானரை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினாள். கேஜுக்குக் கீழே இருந்த குழாயை மூடினாள். துணியைச் சுற்றிப் பிடித்து ஏழுமுள்ளாரைக் கழற்றினாள். இறங்கி வந்து, அவரை மேனேஜரின் இரண்டு கையிலும் வைத்தாள்.

"இப்ப உங்க கைக்குள்ளயும் ஏழு கிலோ அழுத்தம் இருக்குதுங்க சார். வெடிச்சிராமப் பாத்துக்குங்க."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேனேஜர் கேஜைப் பார்த்தார், கையைப் பார்த்தார், பாய்லரைப் பார்த்தார். கேஜைக் குலுக்கிப் பார்த்தார். முள் அசையவில்லை.

"பழையதையே கொண்டாந்து மாட்டும்மா" என்றார் கடைசியில். "வால்வையும் பழைய மாதிரியே வெச்சிருங்க."

மைனாவதி ஏழுமுள்ளாரைத் தூக்கிக்கொண்டு பயிற்சி அறைக்குப் போனாள். திருமூர்த்தி இரண்டு கையையும் நீட்டி வாங்கி, பழையபடி பாடத்தாளின் மேல் வைத்தார்.

"அப்பாடா, வந்துட்டியா! நாளான்னைக்கு அடுத்த பேட்ச் வருது. இது இல்லாமப் பரீட்சை எப்படி வெக்கறதுன்னு தலையப் பிச்சுட்டு இருந்தேன்."

"சார், என்ற பரீட்சைத் தாளை இன்னொரு தரம் பாக்கறீங்களா? கேஜ் கெட்டுப்போச்சுன்னுதானுங்க நான் அன்னைக்கே எழுதியிருந்தேன்."

திருமூர்த்தி இழுப்பறையைத் திறந்து விடைத்தாளை எடுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். அவர் முகத்தில் உண்மையாகவே வருத்தம் இருந்தது.

"ஏழுன்னுதான் அம்மிணி போட்டிருக்குது. லேமினேட் பண்ணிட்டாங்க. இதுல நான் எங்கபோய்த் திருத்தறது?"

விடைத்தாளை மேசைமேல் வைத்து, சிவப்புப் பேனாவை அதன் மேல் போட்டுவிட்டு அவர் டீ குடிக்கப் போனார்.

"வாங்க பெரியவரே!" என்றது விடைத்தாள், முதன்முதலாக அவரை நேரில் பார்த்த சந்தோசத்தில். "அட, அப்படியே என்னை மாதிரியே இருக்கீங்களே! கேள்விப்பட்டேன், வெளிய என்னமோ களேபரமாமே? நீங்க அசைஞ்சு குடுக்கலையாமே?"

"பெரியவரே, யாரும் குத்தலை, எதுலயும் மாட்டலை. ஒரு தரம் இறங்கித்தான் பாருங்களேன்" என்றது கைப்பம்ப், இந்த முறை கேலி இல்லாமல்.

அவர் முயன்றுகொண்டுதான் இருந்தார். அது வெளியே தெரியவில்லை.

மைனாவதி ஜன்னல் திட்டுக்குப் போய்ச் சாக்கைப் பிரித்து நடுங்கியை எடுத்தாள். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். வழியில் நின்று ஏழுமுள்ளாரை ஒரு தரம் பார்த்தாள். பாடத்தாளை அவருக்கு அடியிலிருந்து உருவி, அதன் முதல் வரி தெரியும்படி அவர் பக்கத்தில் விரித்து வைத்தாள். அது பறந்துவிடாமல் இருக்க விடைத்தாளின் மேல் கிடந்த சிவப்புப் பேனாவை எடுத்து வைத்தாள். பிறகு வாசலைத் தாண்டி, பாய்லர் வீட்டுப் பக்கம் நடந்தாள்.

அவள் கையில், எதிலும் மாட்டாத நடுங்கியின் முள் பூஜ்ஜியத்தில் நின்றது.