வெக்கைக்கு ஒரு கைவிலங்கு

வெக்கையைக் கைது செய்யச் சொன்ன ராஜா ஒருவர் இருந்தார், கேட்டால் சிரிப்பீர்கள். அவர் பெயர் கொடிமாறன். சூடு தாங்காமல் தனக்கென்று ஒரு குளிர் மண்டபம் கட்ட ஆரம்பித்தார். அதற்குச் சுண்ணாம்பு வேண்டுமே! மலைக்காட்டை வெட்டி, ராப்பகலாகக் காளவாய்களில் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டார்கள். வெக்கை இன்னும் ஏறியது. ஏன் என்று சபையில் ஒருவருக்கும் புரியவில்லை.

“கோட்டைக்குள் வெக்கையை விட்டது யார்?” என்று ராஜா கத்தினார்.

திருதிருவென்று விழித்த அமைச்சர், வாசல் காவல்காரி காத்தாயியைக் கைகாட்டினார்.

“நாளைக்குள் அதைப் பிடித்துக் கைவிலங்கு மாட்டி இழுத்து வா. இல்லாவிட்டால் உனக்குச் சவுக்கடி!” என்று ராஜா அவளுக்கு உத்தரவு போட்டார்.

மறுநாள் காத்தாயி வெறும் விலங்கோடு வந்து நின்றாள்.

“எங்கே வெக்கை?”

“இருக்கிற இடத்தைப் பார்த்துவிட்டேன் மகாராஜா. அரண்மனை விருந்தாளிமேல் யாரும் கைவைக்கக் கூடாது என்பது உங்கள் சட்டமாயிற்றே.”

ராஜாவுக்குத் தலை சுற்றியது. “வெக்கைக்கு நான் எப்போது விருந்து வைத்தேன்?”

“தினமும் வைக்கிறீர்கள். காட்டை வெட்டி வண்டி வண்டியாகக் காளவாயில் கொட்டுகிறார்கள். அதைத் தின்று வெக்கை கொழுக்கிறது.”

சபையே குழம்பியது. அமைச்சர் எழுந்து, “அப்படியானால் சட்டத்தைத் திருத்திவிடலாம்” என்றார்.

“சட்டம் இருக்கட்டும் ஐயா. விருந்தை நிறுத்துங்கள்.”

“சரி, இந்த விலங்கை இப்போது யாருக்கு மாட்டுவது?” என்று புரியாமல் கேட்டார் அமைச்சர்.

ராஜா தன் கைகளை மெதுவாக அங்கவஸ்திரத்துக்குள் இழுத்துக்கொண்டார்.