கப்பலை இரண்டு விரல் நிறுத்தியவர்கள்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. மணற்குடா துறைமுகத்தில் ஆறு மாதம் ஒப்பந்தத் தட்டச்சராக இருந்த கனகசபை அண்ணன், நாங்கள் தேர்வுக்குப் படிக்கப் போகும் நூலகத்தின் வாசலில் வைத்துச் சொன்னது. அவர் கொஞ்சம் கூட்டிச் சொல்லும் ஆள். அதனால் கூட்டியது என்று எனக்குத் தோன்றியதையெல்லாம் கழித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கழித்த பிறகும் இவ்வளவு மிஞ்சிவிட்டது.

மணற்குடா சின்னத் துறைமுகம். வாரத்துக்கு ஒரு கப்பல். வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரைக்குக் கிளம்பும். வெளிநாட்டுக்குப் போகக் கூடாத பொருள் எதுவும் அதில் ஏறிவிடாமல் பார்த்துக்கொள்ள, அரசாங்கம் அங்கே ஓர் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக் குழுவை வைத்திருந்தது. குழுத் தலைவர் வேதமாணிக்கம். அவருக்குக் கீழே சுடலைக்கண்ணு, ஜெசிந்தா என்று இரண்டு ஆய்வாளர்கள். மூவரும் லஞ்சம் வாங்காதவர்கள், லீவு போடாதவர்கள், வந்த கடிதத்தை ஓர் எழுத்து விடாமல் கடைப்பிடிப்பவர்கள். நடந்ததெல்லாம் இந்தக் கடைசிக் குணத்தால் நடந்தது.

ஒரு திங்கட்கிழமை சென்னைத் தலைமையகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. இரண்டே வரி. ஒன்று: குழுத் தலைவர் குழுவை முன்னின்று நடத்த வேண்டும். இரண்டு: இருவகைப் பயன் உள்ள பொருள் எதுவானாலும் மறு உத்தரவு வரும் வரை நிறுத்தி வைக்க வேண்டும்.

தொழிற்சாலைக்கும் உதவி, யுத்தத்துக்கும் உதவுகிற இயந்திரம், ரசாயனம் போன்றவற்றைத்தான் சென்னையில் மனத்தில் வைத்திருந்தார்கள். அதை எழுதவில்லை. எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டார்கள்.

முதல் வரியை அன்றைக்கே அமல்படுத்தினார்கள். வேதமாணிக்கம் முன்னால் நின்றார், பின்னால் மற்ற இருவரையும் நடத்தினார். கிடங்குக்குப் போனாலும் அப்படித்தான், டீ குடிக்கப் போனாலும் அப்படித்தான். போவதில் சிரமமில்லை. திரும்பும்போதுதான் சிக்கல். மூவரும் திரும்பி நின்றால் ஜெசிந்தா முன்னால் வந்துவிடுகிறார், தலைவர் கடைசியாகிவிடுகிறார். அதனால் ஒவ்வொரு முறையும் வேதமாணிக்கம் ஓடிப்போய் அந்தப் பக்கம் நின்றுகொள்வார். புதன்கிழமைக்குள் அவருக்கு முழங்கால் வீங்கிவிட்டது.

"தலைமைப் பொறுப்புன்னா சும்மாவா சார்," என்றார் சுடலைக்கண்ணு, மரியாதையோடு.

இரண்டாவது வரிக்கு முதலில் மாட்டியது வேதமாணிக்கத்தின் தோளில் கிடந்த துண்டு.

"சார், இதுல முகம் துடைக்கீங்க," என்றார் ஜெசிந்தா. "பஸ்ஸுல ஜன்னல் வழியா இதைப் போட்டு இடமும் பிடிக்கீங்க. ரெண்டு பயன் ஆச்சு."

வேதமாணிக்கம் நேர்மையான மனிதர். துண்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "நிறுத்துங்க," என்றார்.

சுடலைக்கண்ணு அதன் ஒரு முனையைப் பிடித்து நேராகத் தூக்கி நிறுத்தினார். கையை எடுத்தார். துண்டு விழுந்தது. மடித்து நிறுத்தினார்கள், விழுந்தது. ஜெசிந்தா கஞ்சி போட்டுக் காயவைத்துக் கொண்டுவந்தார். பத்து நிமிடம் நின்றது. அப்புறம் கடற்காற்று பட்டுத் தொய்ந்து, மெதுவாகத் தலை குனிந்து, படுத்துவிட்டது. "துண்டு ஒன்று. நிற்கவில்லை. முயற்சி தொடர்கிறது" என்று பதிவேட்டில் எழுதினார்கள். அடுத்த நாளும் அதையே எழுதினார்கள்.

அந்த வாரம் குடைகள் வந்தன. மழைக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று என்று இரண்டு பயன். சுவரில் சாய்த்ததும் நின்றன, கப்பலுக்கு அனுப்பினார்கள். தேங்காய் வந்தது. சும்மாடு சுற்றி ஒவ்வொன்றாக உட்கார்த்தினார்கள். அது நிற்பதா, உட்கார்ந்திருப்பதா என்று அரை நாள் பேச்சு நடந்தது. குடுமி மேலே இருந்தால் நிற்பதாகக் கொள்ளலாம் என்று முடிவானது. கயிற்றை நிறுத்த முடியாமல், சுடலைக்கண்ணு ஒரு முனையைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் தானே நின்றார்.

வெள்ளிக்கிழமை காலை ஒரு லாரி வந்தது. ஏற்றி இறக்கக் கிரேன் வேண்டியிருந்த ஒரே ஒரு சாமான். கூம்பு மாதிரி, ஓர் ஆள் உயரத்தில், பளபளவென்று இருந்தது. ரசீதில் "ராக்கெட் மூக்கு" என்று தெளிவாகவே எழுதியிருந்தது. லாரிக்காரர் மறைக்கத் தெரியாதவர்.

"இது எதுக்கு உதவும்?" என்று கேட்டார் வேதமாணிக்கம்.

"குண்டு ராக்கெட்டுக்கு முன்னால மாட்டுறது சார்."

"வேற எதுக்கு?"

லாரிக்காரர் யோசித்தார். "வேற எதுக்கும் ஆகாது சார். இதை வச்சுக்கிட்டு வேற என்ன செய்ய?"

"தண்ணி பிடிச்சு வைக்கலாமா?"

"அடியில ஓட்டை சார்."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரே பயன். போதாக்குறைக்கு அது தானாகவே வேறு நின்றுகொண்டிருந்தது. இந்த வாரத்தில் இவ்வளவு ஒழுங்கான சரக்கு வரவில்லை என்று சொல்லி, வேதமாணிக்கம் முத்திரை குத்தினார். அன்றைக்கு அது முதல் ஆளாகக் கப்பலின் முன்தளத்தில் ஏறியது.

அதன் பின்னால் வந்ததுதான் சந்தனமாரியின் முருங்கைக்காய்.

சந்தனமாரி திசையன்விளைப் பக்கத்துக்காரர். இருபத்திரண்டு பெண்கள் சேர்ந்து முருங்கை போட்டு, அவரைத் தலைவியாக வைத்திருந்தார்கள். துபாய்க்கு அவர்களுடைய முதல் சரக்கு. முந்நூறு பெட்டி. முந்தின நாள் பறித்தது. இந்தக் கப்பலில் வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று துபாய்க் கடைக்காரர் சொல்லியிருந்தார். அடுத்த கப்பலுக்குள் காய் சுள்ளியாகிவிடும். ஆகவே ஐந்தரைக்குள் ஏறியாக வேண்டும்.

"முருங்கைக்காய்," என்று ஜெசிந்தா பதிவேட்டைத் திறந்தார். "பயன் ஒண்ணு, சாம்பார்."

"ரெண்டாவது?" என்றார் வேதமாணிக்கம்.

சுடலைக்கண்ணு விட்டத்தைப் பார்த்தார். ஜெசிந்தா பதிவேட்டை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"சார், உங்களுக்குத் தெரியாததா," என்றார் சுடலைக்கண்ணு, விட்டத்திடம்.

"தெரியும்வே. எழுதணும்லா."

"எனக்கு அஞ்சு பிள்ளைங்க சார். நான் இதுல கருத்துச் சொன்னா நல்லா இருக்காது."

"என்ன சார் பேசுதீக?" என்றார் சந்தனமாரி. "ஊருல நாலு பேர் பல்லைக் காட்டிக்கிட்டுச் சொல்ற பேச்சுக்கு என் காயைப் பிடிச்சு வைப்பீகளா?"

ஜெசிந்தா தலையை வெளியே நீட்டாமலே எழுதினார்: "பயன் இரண்டு. விவரம் திருமணமானவர்களிடம் கேட்டு அறியவும்."

"அப்போ நிறுத்தத்தான் வேணும்," என்றார் வேதமாணிக்கம்.

சந்தனமாரிக்கு முகம் வெளிறிவிட்டது. சென்னைக்குப் போன் போடுவதா, கலெக்டரிடம் ஓடுவதா என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, மூவரும் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்கள். ஒரு பெட்டியைத் திறந்து, ஒரு காயை எடுத்து, நேராகத் தரையில் நிறுத்தினார்கள். விழுந்தது. சுவரில் சாய்த்து நிறுத்தினார்கள். நின்றது. மின்விசிறியைப் போட்டார்கள். விழுந்தது. மின்விசிறியை அணைத்தார்கள்.

மதியம் ஒரு மணிக்கு ஏழு காய் நின்றன. இன்னும் இருபத்து மூவாயிரத்துச் சொச்சம் பாக்கி.

"சார்," என்றார் சந்தனமாரி, "என்ன செய்யுதீக?"

"நிறுத்துதோம்மா. பார்த்தா தெரியலையா?"

"நிறுத்துறதுன்னா..." என்று ஆரம்பித்தவர், சட்டென்று வாயை மூடிக்கொண்டார். அந்த வார்த்தைக்கு அர்த்தம் சொல்லிக்கொடுத்தால் முதலில் நிற்பது தன் சரக்குதான் என்று அவருக்கு உறைத்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்: "எல்லாம் நின்னுட்டா அனுப்பிருவீகளா?"

"நின்னுட்டா எங்களுக்கு என்னம்மா வேலை? தடுக்கணும்னு உத்தரவே கிடையாதே."

சந்தனமாரி எழுந்துபோய், படுக்கை வாட்டில் கிடந்த ஒரு பெட்டியைப் பிடித்து, செங்குத்தாகத் திருப்பி வைத்தார். "உள்ள எல்லாம் நிக்கு, பாத்துக்கோங்க."

மூவரும் பெட்டியைச் சுற்றி வந்தார்கள், வேதமாணிக்கம் முன்னால்.

"பெட்டி நிக்கு, சரி," என்றார் சுடலைக்கண்ணு. "காய் நிக்குன்னு எப்படிச் சொல்ல? பஸ் நின்னாலும் நான் உள்ள உக்காந்துதான இருக்கேன்?"

"நீங்க சீட்டுல இருக்கீங்க," என்றார் ஜெசிந்தா. "காய்க்கு ஏது சீட்டு? கூட்டமான பஸ்ஸுல சீட்டு இல்லாதவன் நின்னுதான ஆகணும்?"

வேதமாணிக்கம் மூடியைத் தூக்கிப் பார்த்தார். எண்பது காய்களும் தோளோடு தோள் உரசிக்கொண்டு, டவுன் பஸ்ஸில் நிற்பது மாதிரியே நின்றன. அவருக்குக் கண் கலங்கிவிட்டதாம். ஆனால் பொறுப்பை மறக்கவில்லை.

"மறு உத்தரவு வர்ற வரைக்கும் நிக்கணுமேம்மா."

"கப்பல்லயும் நிக்கும் சார். கப்பல்ல நிக்கக் கூடாதுன்னு அதுல போட்டிருக்கா?"

சுற்றறிக்கையை மூன்று முறை படித்தார்கள். போட்டிருக்கவில்லை. நாலரைக்குள் முந்நூறு பெட்டியும் நின்றபடி ஏறின.

நாலே முக்காலுக்குச் சென்னையிலிருந்து போன். பெரிய அதிகாரி, மூச்சு வாங்கப் பேசினார். "வேதமாணிக்கம், உங்கள் கப்பலில் ராக்கெட் மூக்கு ஒன்று ஏறியிருப்பதாகத் தகவல். உடனே கப்பலை நிறுத்துங்கள்."

"நிறுத்திடுதோம் சார்," என்று போனை வைத்த வேதமாணிக்கம், நாற்காலியில் உட்கார்ந்து கப்பலைப் பார்த்தார். தொண்ணூறு மீட்டர். நீட்டிப் படுத்திருந்தது.

"சார், துண்டையே நம்மால நிறுத்த முடியலை," என்றார் ஜெசிந்தா, மெல்ல.

"உத்தரவும்மா."

கயிறு கொண்டுவந்தார்கள். கப்பலின் மூக்குப் பக்கத்தில் கட்டி, மறு முனையைக் கிரேனில் மாட்டினார்கள். வேதமாணிக்கம் கரையோரமாகக் குழுவை முன்னின்று நடத்திக்கொண்டே அண்ணாந்து பார்த்ததில், இன்னும் நிற்காத துண்டும் கையுமாக இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிவிட்டார். மற்ற இருவரும் வரிசை கலையாமல் பின்னாலேயே இறங்கினார்கள். கப்பலின் கேப்டன் மேலேயிருந்து எட்டிப் பார்த்தார். இந்த ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக் கையசைத்தார்.

மணி ஐந்து. சந்தனமாரி கணக்குப் போட்டுப் பார்த்தார். இவர்களால் கப்பலை நிறுத்த முடியாது. ஆனால் நிறுத்தும் வரை விடவும் மாட்டார்கள். யாராவது விவரம் தெரிந்தவர் வந்து நிஜமாகவே நிறுத்திவிட்டால், இருபத்திரண்டு பேருடைய காயும் துறைமுகத்திலேயே கிடந்து காயும்.

அவர் கரையில் நின்று குரல் கொடுத்தார். "சார், பாரத்தோட எப்படி எந்திரிக்கும்? முன்பக்கம் தூக்கணும்னா முன்பக்கத்துச் சாமானை இறக்க வேண்டாமா?"

"முன்பக்கம் என்னம்மா இருக்கு?"

"பளபளன்னு ஒண்ணு இருக்கு பாருங்க, அதுதான் கனம். முருங்கைக்காய் பின்பக்கம் இருக்கு, அதைத் தொட்டுராதீக. பின்பக்கம் கனம் இருந்தாத்தான் முன்பக்கம் எந்திரிக்கும்."

இதில் இருந்த விஞ்ஞானத்துக்கு மூவரும் தலையாட்டினார்கள். ராக்கெட் மூக்கைக் கிரேனில் கட்டிக் கரையில் இறக்கினார்கள். இறக்கியதும் கப்பலின் முன்பக்கம் மெய்யாகவே கொஞ்சம் எழுந்தது. ஜெசிந்தா முன்பே கப்பலின் பக்கவாட்டில், தண்ணீர் மட்டத்தில், சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருந்தார். கையை வைத்து அளந்தார். இரண்டு விரல்.

திரும்பவும் போன். "நிறுத்திவிட்டீர்களா?"

"ரெண்டு விரல் நிறுத்தியிருக்கோம் சார். இதுக்கு மேல நம்ம கிரேன் தாங்காது."

"என்ன விரல்? மூக்கு எங்கே?"

"மூக்கு இங்க கரையிலதான் சார் இருக்கு."

"அப்பாடா," என்று சொல்லி, அதிகாரி மேற்கொண்டு எதுவும் கேட்காமல் போனை வைத்துவிட்டார்.

இரண்டு விரலே போதும் போலிருக்கிறது என்று மூவரும் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். கப்பல் ஐந்தரைக்குக் கிளம்பியது. முருங்கைக்காய் நின்றுகொண்டே துபாய் போனது. சந்தனமாரி மூவருக்கும் ஆளுக்கொரு கட்டுக் காய் கொடுத்தார். சுடலைக்கண்ணு மட்டும் வேண்டாம் என்றுவிட்டார்.

ராக்கெட் மூக்கு அலுவலக முற்றத்தில் நின்றது. அதை வைத்துக்கொள்ள அவர்களுக்கு அதிகாரம் இல்லை. ஒரே பயன் உள்ள பொருளை எந்த விதியின்கீழ் நிறுத்துவது? நேர்மையாக யோசித்து, அடுத்த வெள்ளிக்கிழமைக் கப்பலில் அனுப்பிவிடுவது என்று முடிவெடுத்து, கடிதமும் தயாரித்தார்கள். அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தவர் கனகசபை அண்ணன். அதோடு அவருடைய ஆறு மாத ஒப்பந்தம் முடிந்துவிட்டது. அப்புறம் என்ன ஆனது என்று அவருக்குத் தெரியாது.

எனக்கு அது மனத்தில் கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தது. போன மாதம் பஸ் பிடித்து மணற்குடா போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மூக்கு போகவில்லை, முற்றத்திலேயே இருக்கிறது. கடலில் நனைந்த துண்டை வேதமாணிக்கம், அந்தக் கடிதம் தயாரான அன்று, அதன்மேல் காயப் போட்டிருக்கிறார். மூக்கில் ஓர் அட்டை தொங்குகிறது: "பயன் ஒன்று, ராக்கெட். பயன் இரண்டு, துணி காயப் போடுதல். நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது." பதிவேட்டையும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். துண்டு காயப் போட்ட அதே தேதியில், சிவப்பு மையில், அடிக்கோடிட்டு ஒரு வரி இருந்தது: "துண்டு ஒன்று. நின்றுவிட்டது."