வெளியிலிருந்து வந்ததெல்லாம் படகில்

சுற்றுலாக் கம்பெனி முதலாளி சக்கரபாணி பெரிய இயற்கைப் பிரியர். அதனால்தான் அந்தக் குட்டித்தீவு முழுக்கத் தன் படம் போட்ட ஃபிளக்ஸ் கட்டி, புதுச் சுற்றுலா முகாமுக்குத் திறப்புவிழா நடத்தினார். மேடையில் முழங்கும்போது, படகுக்காரி செலினின் டீக்கடை கண்ணில் பட்டுவிட்டது.

"வெளியிலிருந்து வந்த எதுவும் இருட்டினதுக்கப்புறம் இந்தத் தீவுல இருக்கக்கூடாது! இருந்தா, நாளையிலேருந்து உன் படகு இங்க ஓடாது!"

"சரிங்கய்யா."

முதலில் செலினின் அடுப்பும் கெட்டிலும் படகேறின. அடுத்து, கைகூப்பிச் சிரித்த சக்கரபாணிகள் வரிசையாகச் சுருண்டு ஏறினார்கள். பிளாஸ்டிக் நாற்காலி, மைக், ராத்திரி அவர் தங்கவிருந்த கூடாரம், மெத்தை எல்லாம் ஏறிவிட்டன. வந்த விருந்தாளிகளும் விழுந்து விழுந்து சிரித்தபடி தங்கள் படகுகளுக்குப் போனார்கள்.

"ஏய், என்ன பண்றே?"

"நீங்க சொன்னதைத்தான்யா. இன்னும் ஒண்ணுதான் பாக்கி," என்று செலின் அவரிடம் கையை நீட்டினாள். "பாத்து ஏறுங்க, வழுக்கும்."