நூறு வீடும் ஏழு சாவியும்

முன்னொரு காலத்தில் மருங்கூர் என்ற கோட்டை நகரத்தை வேங்கைமாறன் என்றோர் அரசர் ஆண்டார். ஆண்டது அவர், கெடுத்தது நான். என் பெயர் சிங்கநாதன். நகரத்துக்கு மனை அதிகாரி.

ஒரு கோடையில் ஏரித் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியது. அரசர் கரையில் நின்று பார்த்தார். அவருக்கு எதுவும் நின்ற இடத்திலேயே தோன்றும். "இந்தத் தண்ணீருக்கு இனி ஆண்டுக்கு நூறு புது வீடுதான். அதற்கு மேல் ஒரு செங்கல் வைக்கக்கூடாது. சிங்கநாதா, முத்திரை ஓலை உன் கையில்!" என்றார்.

முத்திரை கைக்கு வந்ததும் எனக்கு உயரம் கூடிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். முதல் நூறு ஓலைகளையும் யாருக்குக் கொடுத்தேன்? மைத்துனருக்கு, மைத்துனரின் மைத்துனருக்கு, எனக்குச் சாமரம் வீசியவருக்கு. ஏழு வீடுகளை என் பெயரிலேயே எழுதிக்கொண்டேன். புதுத்தெரு முழுக்க வரிசையாகப் பூட்டுகள் தொங்கின.

கோட்டைக்கு வெளியே குடிசையில் பொன்னுருவி என்ற மருத்துவச்சி இருந்தாள். நகரத்தில் பாதிப் பேர் அவள் கையில் பிறந்தவர்கள். அவள் வந்தால் அரசியே எழுந்து நிற்பார். நான் வந்தால் அரசி முகம் மறைக்க விசிறியைத் தேடுவார். அதனாலேயே அவளைக் கண்டால் எனக்கு வயிறு எரியும். கோட்டைக்குள் ஒரு வீடு கேட்டு அவள் நாலுமுறை வந்தாள். நாலுமுறையும் "இடமில்லை" என்று அனுப்பினேன்.

ஐந்தாம் முறை நேரே அரசவைக்கே வந்துவிட்டாள்.

"அரசே, போன வாரம் கோட்டைக் கதவு திறக்கும்வரை வெளியே காத்து நின்றேன். உள்ளே பாத்திரம் வார்க்கும் கன்னான் மனைவிக்கு வலி. நான் போய்ச் சேர்ந்தபோது தாய் பிழைத்தாள், பிள்ளை பிழைக்கவில்லை. எனக்கு உள்ளே ஒரு வீடு வேண்டும்."

நான் முந்திக்கொண்டேன். "பரிதாபம்தான், அரசே. ஆனால் நூறு வீடும் நிறைந்துவிட்டன. புதுத்தெருவில் கால்வைக்க இடமில்லை."

"அப்படியா, அதிகாரி ஐயா? பத்து மாதமாக அந்தத் தெருவிலிருந்து என்னை ஒருவரும் கூப்பிடவில்லையே! நூறு குடும்பத்தில் ஒரு பிள்ளைகூடவா பிறக்காது?"

அரசர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"நாளைச் சமையல் வேளையில் காவல்மேடை ஏறிப் பாருங்கள், அரசே. நூறு வீட்டிலும் புகை எழுந்தால் நான் இந்த ஊரைவிட்டே போகிறேன்" என்றாள்.

"சரி!" என்றார் அரசர். "புகை எழாவிட்டால் சிங்கநாதன் உன் குடிசைக்குப் போகட்டும்!"

அன்று மாலையே உறவினர்களிடம் ஓடினேன். "ஒரு வேளை போய் அடுப்பு மூட்டுங்கள்" என்று கெஞ்சினேன். "வெயிலாக இருக்குமே" என்றார் மைத்துனர். மற்றவர்கள் அவ்வளவுகூடச் சொல்லவில்லை.

மறுநாள், வயிற்றுவலி என்று அரசருக்குச் சொல்லியனுப்பிவிட்டு, ஏழு சாவியும் வைக்கோலும் நெருப்புச் சட்டியுமாகப் புதுத்தெருவில் இறங்கினேன். என் ஏழு வீடாவது புகையட்டும் என்று நினைப்பு. முதல் வீட்டில் அடுப்பே கட்டவில்லை. இரண்டாவதில் அடுப்புக்குள் பெருச்சாளி குடும்பத்தோடு இருந்தது. அது என்னைத்தான் அந்நியனாகப் பார்த்தது. மூன்றாவதில் வைக்கோல் குப்பென்று பற்றி என் மீசையில் பாதியைக் கொண்டுபோனது. இருமிக்கொண்டே நாலாவது வீட்டுக்கு ஓடினேன்.

மேடையில் நடந்த பேச்சைக் காவலர்கள் பிறகு எனக்கு ஒன்றுக்கு மூன்றுமுறை சொன்னார்கள்.

"யாரவன், வீட்டுக்கு வீடு ஓடுகிறவன்?" என்று கேட்டார் அரசர்.

"அவர்தான் அரசே, அந்த நூறு குடும்பம்" என்றாள் பொன்னுருவி.

பாதி மீசையோடு என்னை இழுத்துவந்து நிறுத்தினார்கள். அரசர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். திடீரென்று முகம் சிவந்தது. "வரம்பும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்! யார் வேண்டுமானாலும் எத்தனை வேண்டுமானாலும் கட்டட்டும்!"

"வேண்டாம் அரசே" என்றாள் அவள். "இவர் பொய் சொன்னார், ஏரி பொய் சொல்லவில்லை. நூறு நூறாகவே இருக்கட்டும். மூன்று மாதம் அடுப்பெரியாத வீட்டை மட்டும் திருப்பி வாங்குங்கள். ஊருக்கு உழைக்கிறவர்களுக்கு முதலில் கொடுங்கள்."

அரசர் மெல்ல, "புதுத்தெருக் கோடியில் இரண்டு வீடு என் மயில்களுக்கு வாங்கினேன். அவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். மயில் வீடுகளில் ஒன்று பொன்னுருவிக்கு. என் முத்திரையும் அவளுக்கே.

நான் அவள் விட்டுப்போன குடிசைக்குப் போனேன். என் மனைவி புலம்புவாள் என்று பயந்தேன். அவளோ, "ஏழு வீட்டு வாசலைக் கூட்டிக் கூட்டி என் இடுப்பு ஒடிந்தது. இது ஒருமுறை கூட்டினால் முடிந்துவிடும்" என்று துடைப்பத்தை எடுத்தாள்.

ஓராண்டு கழித்து, வீடு கேட்டுப் பொன்னுருவி முன் வரிசையில் நின்றேன். அவள் கேலி செய்யவில்லை. எல்லோரிடமும் கேட்பதையே என்னிடமும் கேட்டாள்: "ஊருக்கு நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள், ஐயா?"

விரல்விட்டு எண்ணப் பார்த்தேன், ஒரு விரல்கூட மடங்கவில்லை. பின்னால் நின்ற கொல்லர் தொண்டையைச் செருமினார்.

"நீங்கள் முன்னால் போங்கள்" என்று அவருக்கு வழிவிட்டுத் திரும்பி வந்தேன்.