மதகுச் சாவி

உமையம்மையின் மடத்தில் சேரும்போது தில்லைநாயகத்துக்கு அறுபது வயது. குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. நாட்டுக்கே பொருளாதாரத் திட்டம் வகுத்துக் கொடுத்த மனிதர் தில்லைநாயகம். வேலையை விட்டு வந்த பிறகும் யோசனை சொல்லும் பழக்கம் அவரை விடவில்லை.

மழை இப்போதெல்லாம் பருவம் பார்த்துப் பெய்வதில்லை. அந்த வருஷமும் மடத்துக் குளம் பாதிதான் நிரம்பியது. குரு மதகுச் சாவியை அவரிடம் கொடுத்தார்.

"எல்லா வயலும் விளையணும் ஐயா. பார்த்துக்கிடுங்க."

தில்லைநாயகம் யோசித்து ஓர் ஏற்பாடு செய்தார். முதலில் மதகுக்குப் பக்கத்துத் தலைமடை வயல்கள் நிறையட்டும். நிறைந்தால் தானாகக் கீழே வழியும். மடத்தில் ஒவ்வொரு சீடருக்கும் ஒரு வயல் உண்டு. அந்த வயலின் குத்தகை நெல்தான் அவருக்குச் சோறு. தில்லைநாயகத்தின் வயல் மதகை ஒட்டியே இருந்தது. அது அவர் நினைவுக்கே வரவில்லை, பாவம்.

தண்ணீர் தாராளமாக வருவதைக் கண்ட தலைமடைக்காரர்கள் வரப்பை உயர்த்தினார்கள். ஓரமெல்லாம் வாழை வைத்தார்கள். கீழே சொட்டுத் தண்ணீர் வழியவில்லை.

வாய்க்கால் முடியும் கடைமடையில் பயிர் வைத்திருந்த மாடத்தி, மஞ்சளித்துப்போன பயிரில் ஒரு கொத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள்.

"இன்னும் நாலு நாள் போனா மாட்டுக்குத்தான் ஆகும் சாமி. பிள்ளைகளுக்கு நான் என்னத்தப் பொங்கிப் போட?"

"கொஞ்சம் பொறுத்துக்கோம்மா. மேலே நிறைஞ்சதும் வந்துரும்."

"மேல எப்ப சாமி நிறையும்?"

தில்லைநாயகம் எழுந்தார். குருவிடம் போனார்.

"மேலே அவ்வளவு தண்ணி விட்டும் கீழே ஏம்மா வழியலை?"

உமையம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"இனிமே உங்க சோறு மாடத்தி வயல்லேருந்து வரட்டும்" என்றார்.

அன்று சாயங்காலமே தில்லைநாயகம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மண்வெட்டியோடு வாய்க்காலில் இறங்கினார். தலைமடை வாய்களையெல்லாம் அடைத்தார். கடைமடை நனைந்த பிறகே, கீழிருந்து ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு வந்தார். தலைமடைக்காரர்கள் சத்தம் போட்டார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அறுவடையில் எல்லா வயலும் விளைந்தது. வாழை மட்டும் வாடிப்போனது. மாடத்தி கொண்டுவந்து அளந்த புதுநெல்லில் பொங்கிய சோற்றை வயிறார உண்டார் தில்லைநாயகம். மனசும் நிறைந்திருந்தது.

கை கழுவிவிட்டுக் குருவிடம் வந்தார்.

"புத்தி வந்துட்டுதும்மா. இனி எந்த வயல் சோறு சாப்பிட்டாலும் கடைமடையை மறக்க மாட்டேன். பழைய வயலையே எனக்குத் தந்துடலாமே. மதகடி நெல்லுன்னா அரிசி கொஞ்சம் நல்லா இருக்கும்."

"தாராளமா எடுத்துக்கிடுங்க ஐயா."

உமையம்மை கையை நீட்டினார்.

"அந்தச் சாவியை இப்படிக் கொடுங்க. மாடத்தி வயல் நெல்லை அடுத்து யார் சாப்பிடப் போறாங்களோ, அவங்ககிட்ட கொடுக்கணும்."